முழுச்சொல் பொருத்தம்

முழுச்சொல் பொருத்தம் என்பது, கணினியில் உள்ள ஓர் உரையில் ஒரு சொல்லைத் தேடும்பொழுது, அச்சொல் தனிச்சொல்லாக வரும் இடங்களை மட்டும் கண்டெடுக்கும் முறை ஆகும். வேறொரு நீண்ட சொல்லின் பகுதியாக அதே எழுத்துகள் வரும் இடங்கள் இதில் விலக்கப்படும். நிரலாளர்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று வழங்கும் சுருங்குறித்தொடர்களைக் கொண்டு இத்தேடல் பெரும்பாலும் செய்யப்படுகின்றது.

ஆங்கில உரைக்கு இது ஒரே குறியால் முடிந்துவிடும் எளிய செயல். குறியேறிய எழுத்துகள் கொண்ட பிரெஞ்சு முதலிய மொழிகளிலும், மெய்யெழுத்தின் மீது உயிர்க்குறிகள் ஏறும் தமிழ் முதலிய மொழிகளிலும் அதே குறி பிழையான விடையைத் தரக்கூடும். தேடல் தவறும்போது கணினி எந்தப் பிழைச்செய்தியையும் காட்டுவதில்லை. சொல் உரையில் இருந்தும் "இல்லை" என்ற விடையே கிடைக்கும். அகராதித் தொகுப்பு, சொல்லெண்ணிக்கை ஆய்வு, தானியங்கித் திருத்தம் ஆகியவற்றில் இது பெரும் தவறுகளுக்கு இடமளிக்கும்.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசல் நிலத்தையும் சார்ந்த சொற்கள் ஆகும். கரிசல் பேச்சு வழக்கு தனி அகராதி கண்ட வழக்கு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்தார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரின் படைப்புகள், 1998 இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் வழியாக மின்னுரையாகக் கிடைக்கின்றன. இத்தகைய உரைகளில் ஒரு சொல்லின் வழக்கை ஆராய விரும்புவோர் முதலில் எதிர்கொள்வது முழுச்சொல் பொருத்தமே.

வரலாறு

சுருங்குறித்தொடர்களின் கணித அடிப்படையை 1950களில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி வகுத்தார். கென் தாம்சன் 1968 இல் அதனை உரைத் தேடலுக்குப் பயன்படுத்தும் வழிமுறையை வெளியிட்டார். பின்னர் யூனிக்சு இயங்குதளத்தின் கருவிகளிலும், 1987 இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் நிரல்மொழியிலும் இவை பரவலான பயன்பாட்டைப் பெற்றன.

இக்கருவிகள் உருவான காலத்தில் அமெரிக்கக் கணினிகளில் வழங்கியது 128 குறிகள் மட்டுமே கொண்ட ஆஸ்கி குறிமுறை. ஆதலால் "சொல்லில் வரும் எழுத்து" என்பதற்கு ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரையான எண்கள், அடிக்கோடு ஆகியவை மட்டுமே என்று வரையறை செய்யப்பட்டது. பின்சாய்வுக் கோடும் ஆங்கிலச் சிறிய எழுத்து "டபிள்யூ"வும் சேர்ந்த குறி இத்தகைய எழுத்து ஒன்றைக் குறிக்கும். பின்சாய்வுக் கோடும் சிறிய எழுத்து "பி"யும் சேர்ந்த குறி சொல்லின் எல்லையைக் குறிக்கும். இக்கட்டுரையில் இவை முறையே சொல்லெழுத்துக் குறி, எல்லைக் குறி என வழங்கப்படும்.

எல்லைக் குறி எந்த எழுத்தையும் பிடிப்பதில்லை. அது ஓர் இடத்தை மட்டும் சோதிக்கின்றது. அவ்விடத்தின் ஒரு பக்கம் சொல்லெழுத்தும் மறுபக்கம் சொல்லெழுத்து அல்லாததும் இருந்தால் அது எல்லை. உரையின் தொடக்கமும் முடிவும் சொல்லெழுத்து அல்லாதவையாகக் கொள்ளப்படும். எனவே எல்லைக் குறிக்குச் சொல் என்றால் என்னவென்று தெரியாது. எவை எழுத்துகள் என்று பொறிக்குச் சொல்லப்பட்டுள்ளதோ, அதனையே அது பின்பற்றுகின்றது. இதன் பின்வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இவ்வொரு வரையறையிலிருந்தே தோன்றுகின்றன.

குறியேறிய எழுத்துகள்

பிரெஞ்சு மொழியில் கோடைக்காலத்தைக் குறிக்கும் சொல் மூன்று எழுத்துகள் கொண்டது. முதலிலும் இறுதியிலும் சாய்கோடு ஏறிய "ஈ" எழுத்தும், நடுவில் "டி" எழுத்தும் வரும். ஆஸ்கி வரையறையைப் பின்பற்றும் பொறிக்கு நடுவெழுத்து மட்டுமே சொல்லெழுத்து. ஆகவே அச்சொல்லின் இருபுறமும் எல்லைக் குறி இட்டுத் தேடினால், தனித்து நிற்கும் அச்சொல் அகப்படாது.

ஒருங்குறியில் இவ்வெழுத்தை இரு வகைகளில் எழுதலாம். 233 என்ற ஒரே குறியெண்ணால் எழுதுவது ஒரு வகை. "ஈ"க்கு உரிய 101 ஐ எழுதி, அதன்பின் மேற்கோட்டுக்கு உரிய 769 ஐச் சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதல் வகையில் எழுத்து என்று ஏற்கப்படும் குறி, இரண்டாம் வகையில் எழுத்தும் சேர்க்கைக் குறியுமாகப் பிரிந்துவிடுகின்றது. தமிழில் உயிர்மெய் எழுத்துகள் ஏறத்தாழ எல்லாமே இந்த இரண்டாம் வகையைப் போன்றவை.

தமிழ் எழுத்துகளின் குறியேற்றம்

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இதில் உயிரெழுத்துகளுக்கும், அகரம் ஏறிய மெய்களுக்கும், உயிர்க்குறிகளுக்கும், புள்ளிக்கும் தனித்தனிக் குறியெண்கள் உள்ளன. "க" என்பது 2965. "கா" என்பது 2965, 3006 என்ற இரு குறியெண்கள். "க்" என்பது 2965, 3021 என்ற இரு குறியெண்கள்.

"கோவில்பட்டி" என்ற பெயரில் தமிழ் கற்ற ஒருவர் காண்பவை கோ, வி, ல், ப, ட், டி என்னும் ஆறு எழுத்துகள். கணினி காண்பவை பதினொரு குறியெண்கள். அவற்றுள் ஆறு மெய்கள், ஐந்து சேர்க்கைக் குறிகள். ஒருங்குறியின் வகைப்பாட்டில் மெய்கள் "எழுத்து" என்ற வகையிலும், உயிர்க்குறிகளும் புள்ளியும் "குறி" என்ற வகையிலும் அடங்கும். குறிகளைச் சொல்லெழுத்தாக ஏற்காத ஒரு பொறியிடம் இப்பெயரைச் சொற்களாகப் பிரிக்கச் சொன்னால், க, வ, ல, பட, ட என ஐந்து துண்டுகள் கிடைக்கும். "கரிசல்" என்பது கர, சல என இரண்டாகும்.

நிரல்மொழிகளின் வேறுபாடு

சொல்லெழுத்துக்கு நிரல்மொழிகள் கொண்டுள்ள வரையறையைப் பொதுவாக மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

1. ஆஸ்கி வகை. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் எல்லைக் குறி இவ்வகையைச் சார்ந்தது. ஜாவா மொழியின் சொல்லெழுத்துக் குறியும் இயல்பாக ஆஸ்கியையே பின்பற்றும். ஒருங்குறி வரையறையைக் கேட்டுப் பெறும் தெரிவு அம்மொழியில் 2011 இல் வெளியான ஏழாம் பதிப்பிலிருந்து உள்ளது. ஆஸ்கி வகைக்குத் தமிழ் எழுத்து எதுவும் எழுத்தன்று. "2020இல்" என்பது போல ஆங்கில எழுத்தோ எண்ணோ தமிழை ஒட்டி வரும் இடத்தில் மட்டுமே அதற்கு எல்லை தென்படும்.

2. எழுத்துகளை ஏற்று, குறிகளை விலக்கும் வகை. பைத்தான் 3 மொழியில் உள்ளமைந்த சுருங்குறித்தொடர் நூலகம் இவ்வகையைச் சார்ந்தது. மெய்களும் உயிர்களும் எழுத்துகளாக ஏற்கப்படும். உயிர்க்குறிகளும் புள்ளியும் ஏற்கப்படமாட்டா.

3. குறிகளையும் சேர்க்கும் வகை. பெர்ல் மொழியின் அண்மைய பதிப்புகளும் ஐசியூ நூலகமும் இவ்வகையின. மைசீக்குவல் தரவுத்தளம் தன் 8.0 பதிப்பிலிருந்து ஐசியூ நூலகத்தைப் பயன்படுத்துகின்றது. அதற்கு முந்தைய பதிப்புகள் உரையை எழுத்தெழுத்தாக அன்றி பைட் பைட்டாகவே பார்த்தன.

ஒருங்குறிச் சேர்த்தியம் தன் 18 ஆம் தொழில்நுட்பச் செந்தரத்தில் மூன்றாம் வகையையே பரிந்துரைக்கின்றது. ஆயினும் முதலிரு வகைகளும் பெருவழக்கில் நீடிக்கின்றன.

எடுத்துக்காட்டு: கடலை

கோவில்பட்டியின் கடலை மிட்டாய் 2020 இல் புவிசார் குறியீடு பெற்றது. ஓர் உரையில் "கடலை" என்ற தனிச்சொல்லைத் தேடுவதாகக் கொள்வோம். உரையில் கீழ்க்காணும் நான்கு சொற்களும் இடைவெளிவிட்டு வந்துள்ளன.

கடலை
கடலைக்கு
நிலக்கடலை
நிலக்கடலையில்

எல்லை எதுவும் குறிப்பிடாமல் தேடினால் நான்கும் அகப்படும். இருபுறமும் எல்லைக் குறி இட்டு ஆஸ்கி வகைப் பொறியில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

இரண்டாம் வகைப் பொறியின் விடை இவற்றினும் வியப்பானது. அது "கடலை" என்ற தனிச்சொல்லை விட்டுவிட்டு, "கடலைக்கு", "நிலக்கடலையில்" ஆகிய இரண்டையும் எடுத்துத் தருகின்றது. காரணம் பின்வருமாறு. தனிச்சொல்லின் இறுதியில் உள்ளது ஐகாரக் குறி. அது அப்பொறிக்கு எழுத்தன்று. அடுத்து வரும் இடைவெளியும் எழுத்தன்று. இருபுறமும் எழுத்தல்லாதவை ஆதலால் அங்கே எல்லை இல்லை. "நிலக்கடலையில்" என்பதிலோ, "கடலை"க்கு முன் உள்ள புள்ளி எழுத்தன்று, "க" எழுத்து. ஆகவே அங்கே ஓர் எல்லை. ஐகாரக் குறிக்குப் பின் "ய" என்ற எழுத்து வருகின்றது. ஆகவே அங்கும் ஓர் எல்லை. இவ்வாறு வேண்டிய சொல் விலக்கப்பட்டு வேண்டாதவை ஏற்கப்படுகின்றன.

சிறிய சொற்களில் இதன் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் பயிர் வகைகளின் பெயர்கள் "கே" என்ற எழுத்தும் ஓர் எண்ணும் கொண்டவை. "கே 11" என்ற பருத்தி வகை இதற்குச் சான்று. எல்லையின்றி "கே" என்று தேடினால் அங்கே, இங்கே, கேழ்வரகு முதலிய எல்லாச் சொற்களும் வந்து குவியும். எல்லைக் குறியிட்டு இரண்டாம் வகைப் பொறியில் தேடினால் "கே 11" விடுபட்டு, கேழ்வரகு மட்டும் வந்து நிற்கும்.

தீர்வு

பொறியின் வரையறையை நம்பாமல், எல்லையைத் தேடுபவரே வரையறுத்துக்கொள்வது நம்பகமான தீர்வு ஆகும். தமிழ் உரைக்கு அது பின்வருமாறு அமையும்.

(?<![ஃ-௺])கடலை(?![ஃ-௺])

இதில் மூன்று பகுதிகள் உள்ளன. சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது ஆய்த எழுத்து (2947) முதல் தமிழ் எண் குறி (3066) வரையான வீச்சு. உயிர்கள், மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி, தமிழ் எண்கள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். முதற்பகுதி "இதற்கு முன் இவற்றுள் எதுவும் இருத்தல் ஆகாது" என்றும், இறுதிப் பகுதி "இதற்குப் பின் இவற்றுள் எதுவும் இருத்தல் ஆகாது" என்றும் பொருள்படும். மேற்கண்ட நான்கு சொற்களுள் "கடலை" மட்டுமே இதற்குப் பொருந்தும்.

பின்னோக்கிப் பார்க்கும் முதற்பகுதியை ஜாவாஸ்கிரிப்ட் 2018 ஆம் ஆண்டுச் செந்தரத்தில்தான் ஏற்றது. அவ்வசதி இல்லாத பொறிகளில் கீழ்க்காணும் வடிவம் பயன்படும்.

(^|[^ஃ-௺])கடலை([^ஃ-௺]|$)

இவ்வடிவம் சொல்லின் இருபுறமும் உள்ள இடைவெளிகளையும் சேர்த்தே பிடிக்கின்றது. ஆகையால் "கடலை கடலை" என்று ஒரே இடைவெளியுடன் அடுத்தடுத்து வந்தால், இரண்டாவது சொல் எண்ணிக்கையில் விடுபடும். மேலும், ஒரு சொல்லை மற்றொன்றால் பதிலிடும்போது பிடிபட்ட இடைவெளிகளைத் திரும்ப எழுதவும் வேண்டும்.

பல மொழிகள் கலந்த உரையாயின், தமிழ் வீச்சுக்கு மாற்றாக ஒருங்குறியின் "எழுத்து", "குறி" ஆகிய இரு வகைகளையும் சேர்த்துக் குறிப்பிடுவது பொருத்தம். பிரெஞ்சுச் சொல்லுக்கும் அதே வடிவம் பொருந்தும்.

ஒரே தோற்றம், வேறு குறியெண்கள்

எல்லை சரியாக அமைந்தாலும் சொல்லே வேறு குறியெண்களால் எழுதப்பட்டிருக்கலாம். "கோ" என்பதை க, ஓகாரக் குறி (3019) என இரண்டாகவும் எழுதலாம், க, ஏகாரக் குறி (3015), ஆகாரக் குறி (3006) என மூன்றாகவும் எழுதலாம். "கோவில்பட்டி" என்ற சொல் இரு கோப்புகளில் இரு விதமாக இருந்தால், ஒன்றைத் தேடும் தொடர் மற்றொன்றைக் காணாது. ஒருங்குறி இவ்விரண்டையும் சமமானவை என்று அறிவித்துள்ளது. ஆகவே தேடலுக்கு முன் உரையையும் தேடுதொடரையும் இயல்பாக்கம் செய்தால் இரண்டும் ஒரே வடிவம் பெறும்.

இயல்பாக்கத்தால் தீராத வேறுபாடுகளும் உண்டு. "மௌனம்" என்பதை எகரக் குறியும் ளகரமும் இட்டு "மெளனம்" என எழுதுவது பரவலாகக் காணப்படும் பிழை. கணினிக்கு இவை இரு வேறு சொற்கள். கண்ணுக்குப் புலப்படாத இணைப்பு நீக்கிக் குறி (8204) சொல்லின் நடுவே புகுந்திருப்பதும் உண்டு. தேடலுக்கு முன் இவற்றைச் சீர்செய்தல் வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியைச் செந்தரமாகவும் டேஸ் 16 என்ற குறிமுறையை மாற்றுச் செந்தரமாகவும் அறிவித்தது. பின்னதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் உண்டு. ஆதலால் எழுத்தின் நடுவே எல்லை விழும் சிக்கல் இதில் எழாது. ஆயினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்துள்ளது. அப்பகுதிக் குறிகளைப் பொதுவான பொறிகள் எழுத்தாகவே கருதுவதில்லை. எனவே அங்கும் எல்லைக் குறி தானாகப் பயன்தராது.

எழுத்தும் குறியெண்ணும்

சுருங்குறித்தொடரில் "?" என்ற குறி, தனக்கு முன் உள்ளது இருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம் என்று பொருள்படும். தமிழில் அது முழு எழுத்தை அன்றி இறுதிக் குறியெண்ணை மட்டுமே சாரும். இதனை நன்மையாகவும் பயன்படுத்தலாம். எட்டயபுரம், எட்டையபுரம் ஆகிய இரு வடிவங்களும் எழுத்து வழக்கில் உள்ளன. "எட்டை?யபுரம்" என்ற தொடர் ஐகாரக் குறியை மட்டும் விருப்பமாக்கி இரண்டையும் பிடிக்கும். முழு எழுத்தும் விருப்பமாக வேண்டுமாயின் அதனை அடைப்புக்குறிக்குள் இடவேண்டும்.

இதே காரணத்தால், மாற்று எழுத்துகளைக் குறிப்பிடும்போது முழு உயிர்மெய்களாகவே எழுதுவது தெளிவு. கோவில்பட்டி, கோயில்பட்டி என்ற இரு வடிவங்களுக்கும் "கோ(வி|யி)ல்பட்டி" என்று எழுதலாம். மெய்களை மட்டும் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, இகரக் குறியை வெளியே எழுதினாலும் பொறிக்குப் புரியும். ஆனால் திரையில் அக்குறி அடைப்புக்குறியின் மீது ஏறியோ, புள்ளிவட்டத்துடனோ தோன்றுவதால் படிப்பவர் குழம்புவர்.

வேற்றுமையும் புணர்ச்சியும்

தமிழ்ச் சொற்கள் உருபுகளை ஏற்று நீளும் இயல்பின. எழுவாய் வடிவத்தை மட்டும் தேடினால் பெரும்பாலான வருகைகள் விடுபடும். எனவே எல்லையை உருபுக்குப் பின் அமைத்தல் வேண்டும்.

(?<![ஃ-௺])கடலை(யை|யால்|க்கு|யின்|யில்)?(க்|ச்|த்|ப்)?(?![ஃ-௺])

இதில் முதல் அடைப்புக்குறி உருபுகளையும், இரண்டாவது அடைப்புக்குறி வல்லினம் மிகுதலையும் குறிக்கின்றன. முன் கண்ட நான்கு சொற்களுள் "கடலை", "கடலைக்கு" ஆகியவை இதற்குப் பொருந்தும். "நிலக்கடலை"யும் "நிலக்கடலையில்" என்பதும் விலக்கப்படும்.

புள்ளியில் முடியும் சொற்களில் ஈற்றெழுத்தே மாறும். "கரிசல்" என்பது "கரிசலில்" என்றாகும்போது புள்ளி மறைந்துவிடுகின்றது. ஆகவே "கரிசல்" என்ற தொடர் "கரிசலில்" என்ற சொல்லின் பகுதியாகக்கூட அகப்படாது. புள்ளியை நீக்கி எல்லையின்றித் தேடினால், "கரிசலாங்கண்ணி" என்ற மூலிகையின் பெயரும் சேர்ந்து வரும். பொருத்தமான வடிவம் பின்வருமாறு.

(?<![ஃ-௺])கரிச(ல்|லை|லில்|லின்|லுக்கு)(க்|ச்|த்|ப்)?(?![ஃ-௺])

மகர ஈற்றுச் சொற்களுக்கும் இதே முறை பொருந்தும்: எட்டயபுர(ம்|த்தை|த்தில்|த்தின்|த்துக்கு|த்திற்கு). தொகைச்சொற்களை என் செய்வது என்பது தேடுபவரின் முடிவு. "கரிசல் காடு", "கரிசல்காடு", "கரிசற்காடு" என மூன்று வகைகளிலும் எழுதலாம். மேற்கண்ட தொடர் இவற்றுள் முதலாவதை மட்டுமே பிடிக்கும்.

பதிலீட்டில் கவனம்

தேடலில் நேரும் பிழை விடையைக் கெடுக்கும். பதிலீட்டில் நேரும் பிழை உரையையே கெடுத்துவிடும். கரிசல் நிலத்தில் "மல்லி" என்று வழங்கும் பயிர்ப்பெயரைக் "கொத்தமல்லி" என்று மாற்ற எண்ணி, எல்லையின்றிப் பதிலிட்டால், "மல்லிகை" என்பது "கொத்தமல்லிகை" ஆகும். முன்பே சரியாக உள்ள "கொத்தமல்லி" என்பது "கொத்தகொத்தமல்லி" ஆகும். "பருத்தி"யை மாற்ற முற்பட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் "பருத்தித்துறை"யும் சேர்ந்து மாறும். பல கட்டுரைகளை ஒரே முறையில் திருத்தும் தானியங்கிகளை இயக்குவோர், மாற்றத்திற்கு முன் பொருந்திய சொற்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தல் நலம். தேடும் சொல் உரையில் உள்ளது என்று உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தை முதலில் சோதித்தால், "இல்லை" என்ற விடை உண்மையா, எல்லைப் பிழையா என்பது விளங்கும்.

வரம்புகள்

முழுச்சொல் பொருத்தம் எழுத்துகளை மட்டுமே ஒப்பிடுகின்றது, பொருளை அன்று. "கடலை" என்பது பயிர்ப்பெயரும் ஆகும், "கடல்" என்ற சொல் ஐயுருபு ஏற்ற வடிவமும் ஆகும். "கடலைப் பயிரிட்டனர்", "கடலைப் பார்த்தனர்" என்ற இரு தொடர்களிலும் மேற்கண்ட சுருங்குறித்தொடர் சமமாகவே பொருந்தும். "கம்பு" தானியத்தையும் குறிக்கும், கோலையும் குறிக்கும். கரிசல் நிலத்தின் பயிர்களைப் பற்றிச் சொல்லெண்ணிக்கை எடுப்பவர், இத்தகைய சொற்களுக்கு ஒவ்வொரு வருகையையும் அதன் சூழலுடன் படித்தே முடிவு செய்யவேண்டும். உருபுகளின் பட்டியலும் எவ்வளவு நீட்டினாலும் முழுமை பெறாது. விரிவான ஆய்வுகளுக்குச் சொல்லைப் பகுதி, விகுதி எனப் பிரித்தறியும் உருபனியல் பகுப்பி தேவைப்படும். அப்பகுப்பிக்கும் உரையைச் சொற்களாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்பதால், சரியான சொல்லெல்லை அதற்கும் முன்தேவை ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

ஒருங்குறி
சுருங்குறித்தொடர்
உயிர்மெய் எழுத்து
வேற்றுமை உருபு
கோவில்பட்டி
மதுரைத் திட்டம்